விசிலடித்த பையனும் கோபித்துக்கொண்ட பெரியவரும்

தம்பி, ஒத்திகையில் திரைக்குப் பின்னால் விசிலடித்த பையனைப் பெரியவர் அறைய வந்துவிட்டார், பையன் இனி நடிக்க வரமாட்டேன் என்கிறான், நாடகத்துக்கு இன்னும் 9 நாள்தான் என்று எழுதியிருந்தீர்கள்.

அரங்கில் விசிலடித்தால் ஆகாது என்று பெரியவர் சொன்னது வெறும் மூடநம்பிக்கை அல்ல. ஐரோப்பாவின் பழைய அரங்குகளில் காட்சித் திரைகளைக் கயிறு கட்டி மேலே தூக்கி இறக்குவார்கள். கப்பலில் பாய் இழுத்துப் பழகியவர்கள் அந்த வேலைக்கு வந்தார்கள் என்றும், கடலில் போலவே விசிலால் சைகை கொடுத்துக்கொண்டார்கள் என்றும் சொல்வது வழக்கம். இடையில் ஒருவன் சும்மா விசிலடித்தால், அதைச் சைகை என்று எண்ணி அவன் தலையிலேயே திரைக்கட்டையை இறக்கிவிடக்கூடும்.

எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்திலும் திரைக்கயிற்றின் மறுமுனையில் மணல் நிரப்பிய உரச்சாக்குதான் தொங்கும். ஒருமுறை முடிச்சு அவிழ்ந்து, ஆர்மோனியத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அன்றிலிருந்து நான் விசிலடிப்பதில்லை. (இரவில் விசிலடித்தால் பாம்பு வரும் என்பாள் என் பாட்டி. செம்பனைக் காட்டு ஓரத்தில் பாம்பு வர விசில் எதற்கு!)

பையனிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கயிற்றுப் பொறுப்பையும் அவனிடமே கொடுங்கள், சைகைக்கு டார்ச் லைட் போதும். பெரியவரைத் திருத்தப் போகாதீர்கள். முதல் நாள் சூடம் ஏற்றித் தேங்காய் உடைக்க அவரையே அழையுங்கள், பையன் தட்டைப் பிடிக்கட்டும்.

மேடையேறும் நடிகர்களுக்குச் சொல்லும் ‘காலை உடைத்துக்கொள்’ (break a leg) என்ற ஆங்கில வாழ்த்தை மட்டும் பையனின் அம்மா காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள்.