சர்வர் இந்தியாவில்தான், ஐரோப்பிய ஏஐ சட்டம் பொருந்துமா?

பொருந்தும். ஜெர்மன் வாடிக்கையாளர் உங்கள் ஏஐ மென்பொருள் வேலை விண்ணப்பதாரர்களுக்குத் தரும் தரவரிசையை வைத்து ஆள் எடுக்கிறார் என்றால், சர்வர் சென்னையில் இருந்தாலும் தப்ப முடியாது. பிரிவு 2-ஐப் பாருங்கள்: ஏஐ தரும் முடிவு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயன்பட்டாலே போதும்.

தரவு எங்கே சேமிக்கப்படுகிறது என்பதை மட்டும் பார்த்ததால்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன். இந்தச் சட்டத்துக்கு அது முக்கியமே இல்லை.

அடுத்து சட்டத்தின் பின்னிணைப்பு 3-ஐ (Annex III) திறந்து, வேலைவாய்ப்பு பற்றிய 4-ஆம் பத்தியைப் படியுங்கள். விண்ணப்பங்களை வடிகட்டுவது, மதிப்பிடுவது இரண்டுமே கடுமையான விதிகள் பொருந்தும் 'அதிக ஆபத்து' (high-risk) பட்டியலில் இருக்கின்றன. 'சின்ன உதவி வேலைதானே' என்று பிரிவு 6(3)-இன் விலக்கைக் கேட்கலாம். ஆனால் தனிநபர் விவரங்களை வைத்து ஆளை எடைபோட்டால் அந்த விலக்கு கிடைக்காது. ரெஸ்யூமேக்கு மதிப்பெண் போடும் கருவி பெரும்பாலும் இதைத்தான் செய்கிறது. அப்புறம் பிரிவு 22: ஒன்றியத்துக்குள் ஒரு பிரதிநிதியை எழுத்துமூலம் நியமிக்க வேண்டும்.

வீடியோ நேர்காணலில் முகபாவம் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் வசதி ஏதும் இருக்கிறதா? இருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள். பணியிடத்தில் அது 2025 பிப்ரவரி 2 முதலே தடை. மருத்துவம், பாதுகாப்பு காரணங்களுக்கு மட்டும் விலக்கு.

ஒரு எச்சரிக்கை. அதிக ஆபத்து விதிகளுக்கு மூலச் சட்டத்தில் இருந்த தேதி 2026 ஆகஸ்ட் 2. அதைத் தள்ளிவைக்க 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. ஒப்பந்தத்தில் தேதி எழுதும் முன் தற்போதைய திருத்தப் பதிப்பை வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.