தள்ளுவண்டியில விக்கிற ஜூஸை நம்பிக் குடிக்கலாமா?

பிள்ளைகளோட பிள்ளையார்பட்டி, குன்றக்குடி பக்கம் வர்றோம்னு சொல்லிக் கேட்டிருக்கீங்க, அதான் இந்த பயம். குடிக்கலாம். ஆனா பழத்தைப் பாக்காதீங்க, தண்ணியையும் ஐஸையும் பாருங்க.

எங்கப்பா காரைக்குடியில 19 வருஷம் கரும்புச்சாறு வண்டி போட்டவரு, கூடவே நன்னாரி சர்பத். அதனால ரோட்டுக்கடை ஜூஸுன்னு யாராவது மூஞ்சியச் சுளிச்சா எனக்குச் சுருக்குன்னு இருக்கும். விடியக்காலையிலயே கரும்பைச் சீவிக் கழுவி ஈரத்துணியில சுத்தி வச்சிருவாரு. ராத்திரி எத்தனை மணி ஆனாலும் மெஷின் உருளைக்கு வெந்நி ஊத்தி பிரஷ் போட்டுத் தேய்க்காம படுக்க மாட்டாரு, இடுக்குல ஒரு நார் தங்கினாலும் மறுநாள் புளிச்ச வாடை வரும், ஈ மொய்க்கும். சர்பத்துக்கு எங்க ஊரு சம்பை ஊத்துத் தண்ணிதான், அதையும் அம்மா காய்ச்சி ஆறவச்சுத்தான் குடுத்து விடுவாங்க.

ஒரே ஒரு தடவை தப்பு நடந்துச்சு. குன்றக்குடி பங்குனி உத்திரம், வண்டியை அங்க போட்டிருந்தோம், மதியம் 2 மணிக்கே ஐஸ் தீந்துபோச்சு. வழக்கமா வாங்குற இடத்துலயும் இல்ல. மீனுக்குப் போடுற ஐஸ் பார் ஒண்ணை ஒருத்தர் சாக்குல சுத்திக் கொண்டாந்தாரு, அப்பா மேல தண்ணி ஊத்திட்டு ஒடச்சுப் போட்டாரு. உமி ஒட்டியிருந்த துண்டை நான்தான் விரலால தள்ளிவிட்டு கிளாஸுக்குள்ள போட்டேன். அன்னிக்கு என் தங்கச்சி, 9 வயசு, மூணு கிளாஸ் குடிச்சா.

நாலு வாரம் கழிச்சு அவளுக்குக் கண்ணு மஞ்சளாயிருச்சு. அப்பத்தா கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுத்தாங்க, ஆஸ்பத்திரியிலயும் காட்டினோம், 'ஹெபடைடிஸ் A'ன்னு சொன்னாங்க, அசுத்தமான தண்ணி, சாப்பாடு வழியாப் பரவுற மஞ்சக்காமாலை. ஒரு மாசத்துக்கு முந்தி வெளியில என்ன குடிச்சான்னு டாக்டர் கேட்டப்ப அப்பா வாயே திறக்கல. அந்த ஐஸ்தான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், பள்ளிக்கூடத்துத் தண்ணியாக்கூட இருக்கலாம், அந்தக் கிருமி உள்ள போயி நோயாக் காட்ட 2 லேருந்து 7 வாரம் ஆகுமாம். ஆனா ஐஸா உறைஞ்சா கிருமி செத்துரும்னு நாங்க நினைச்சிருந்தது தப்பு, அது சாகாது. தங்கச்சி தேறிட்டா. அன்னிக்கு நம்மகிட்ட குடிச்ச மத்த பிள்ளைங்க யாரு எவருன்னு தெரியலையேங்கிறதுதான் அப்பாவை அரிச்சுச்சு. அதுக்கப்புறம் அவரு ஐஸே போடல, பாதி வியாபாரம் போச்சு, போகட்டும்னுட்டாரு.

அப்பாவுக்காகப் பரிஞ்சு பேசுறேன்னு நினைக்காதீங்க, ஒரே பக்கெட்டுத் தண்ணியில நாள் பூரா கிளாஸ் முக்கி எடுக்குறவங்களும் இருக்காங்க, அங்க நிக்கவே நிக்காதீங்க. ஆனா குழாய் இல்லாத எடத்துல வண்டி போடச் சொன்னா அவன் வேற என்ன பண்ணுவான்? தெருவோர வியாபாரிக்குன்னு 2014லயே சட்டம் வந்தாச்சு, அடையாள அட்டை, ஒதுக்குன இடம் எல்லாம் அதுல இருக்கு. எங்கப்பா உணவுப் பாதுகாப்புக்கு வருஷம் 100 ரூபா கட்டிப் பதிவும் வச்சிருந்தாரு, அப்படியும் ரசீது இல்லாம தினக்காசு வாங்கிட்டுப் போக ஆள் வந்துச்சு, ஒரு வாளி நல்ல தண்ணிக்கு வழி பண்ண ஒருத்தரும் வரல. இதை எத்தனை பேர்கிட்ட சொல்லியாச்சு.

நீங்க ஐஸ் போடாம, கண்ணு முன்னால பிழியச் சொல்லி, உங்க டம்ளரையே நீட்டி வாங்குங்க. உடனே குடிச்சிருங்க, வச்சா சாறு கறுத்துப்போகும். சித்திரை, வைகாசியில வந்தீங்கன்னா பிள்ளைகளுக்கு நுங்கு சீவச் சொல்லி வாங்கிக் குடுங்க, அதுக்குத் தண்ணியும் வேணாம் ஐஸும் வேணாம்.