ஏஐ பற்றிப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். பி.காம். படித்தவன், கோடிங் தெரியாது. ஏஐ, டேட்டா, அடுத்த பத்து வருடம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் புரிய சில புத்தகங்கள் சொல்லுங்கள். ஆங்கிலம் மெதுவாகத்தான் படிப்பேன். தமிழில் ஏதாவது உண்டா?

பதில்: முதலில் ஒன்று. எதிர்காலத்தைக் கணித்துச் சொல்லும் புத்தகங்களை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஏற்கெனவே நடந்து முடிந்ததைச் சொல்பவற்றில் தொடங்குங்கள். அவற்றைப் படித்தவரிடம் ஜோசியம் சுலபமாக எடுபடாது.

உங்கள் வேலைக்கு மிக நெருக்கமானது கேத்தி ஓநீலின் ‘வெப்பன்ஸ் ஆஃப் மேத் டிஸ்ட்ரக்‌ஷன்’ (2016). கணிதப் பேராசிரியராக இருந்து, ஹெட்ஜ் ஃபண்ட் எனும் பெரும்பணக்காரர்களின் முதலீட்டு நிறுவனத்துக்குப் போய், அங்கே பார்த்ததில் மனம் வெறுத்து வெளியேறியவர். ஆனால் புத்தகத்தில் ஒரு சமன்பாடுகூடக் கிடையாது. கடன் பற்றிய அத்தியாயத்தை மட்டும் முதலில் படித்தாலும் சரி. கிரெடிட் ஸ்கோரை அவர் முழுக்கத் திட்டுவதில்லை. நீங்கள் கட்டிய தவணை, கட்டாத தவணை என உங்கள் சொந்தக் கணக்கை வைத்து வருகிறது, தவறு இருந்தால் கேட்டுத் திருத்தலாம் என்கிறார். அவர் பயப்படுவது இன்னொரு வகைக்கு: உங்கள் பின்கோடு, இணையத்தில் நீங்கள் மேய்ந்த பக்கங்கள் இவற்றை வைத்து ‘இவரைப் போன்றவர்கள்’ என்ன செய்தார்கள் என்று பார்த்து உங்களுக்கு மதிப்பெண் போடுவது. அந்த மதிப்பெண் இருப்பதே உங்களுக்குத் தெரியாது, பிறகு எங்கே போய் முறையிடுவது?

அடுத்து வர்ஜீனியா யூபாங்க்ஸின் ‘ஆட்டோமேட்டிங் இன்இக்வாலிட்டி’ (2018). 2006இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், ஏழைகளுக்கான உதவித்திட்ட வேலைகளை ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் தலைமையிலான கூட்டணியிடம் கொடுத்தது. படிவத்தில் ஏதோ ஒரு தாள் குறைந்தாலும் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று விண்ணப்பம் தள்ளுபடி. முதல் மூன்று ஆண்டுகளில் தள்ளுபடியானவை சுமார் 10 லட்சம். 2009இல் மாநில அரசே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் திரும்பிப் போனவர்களைப் பார்த்த நமக்கு இது வெளிநாட்டுக் கதையாகத் தோன்றாது. நம் ஊர் ஆதார் விவாதத்துக்கு, அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்திய நந்தன் நிலேகணியும் விரால் ஷாவும் எழுதிய ‘ரீபூட்டிங் இந்தியா’வையும், ஆதாரை விமர்சித்து ரீத்திகா கேரா தொகுத்த ‘டிஸ்ஸென்ட் ஆன் ஆதார்’ நூலையும் சேர்த்தே படியுங்கள். ஒன்றை மட்டும் படித்தால் பாதி வழக்குதான் காதில் விழும்.

‘ஏஐ ஸ்னேக் ஆயில்’ (2024) மூன்றாவது. ஸ்னேக் ஆயில் என்றால் போலி மருந்து. எழுதியவர்கள் அரவிந்த் நாராயணன் (சென்னை ஐஐடியில் படித்தவர், இப்போது பிரின்ஸ்டன் பேராசிரியர்), சயாஷ் கபூர். எழுதித் தரும், படம் போடும் ஏஐ வேறு. ஒரு மனிதர் நாளை என்ன செய்வார் என்று கணிக்கும் ஏஐ வேறு என்று பிரித்துக் காட்டுகிறார்கள். இரண்டாவதன் மேல்தான் அவர்களுக்குச் சந்தேகம். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் விவரங்களைக் கொடுத்து, குழந்தைகளின் வாழ்க்கை எப்படிப் போகும் என்று கணிக்கச் சொன்னபோது 160 ஆய்வுக் குழுக்கள் முயன்றன. நான்கே விவரங்களை வைத்துப் போட்ட எளிய கணக்கைவிட அவற்றின் விடைகள் பெரிதாகத் தேறவில்லை. உங்கள் வங்கிக்கு மென்பொருள் விற்க வருபவரிடம் என்ன கேட்பது என்று இதில் தெரிந்துகொள்ளலாம்.

கதையாகப் படிக்க ஆசையா? கை-ஃபூ லீ, சென் சியூஃபான் எழுதிய ‘ஏஐ 2041’ (2021). பத்துக் கதைகள், ஒவ்வொன்றின் பின்னும் தொழில்நுட்ப விளக்கம். முதல் கதை மும்பையில் நடக்கிறது: மகள் ஒரு பையனிடம் நெருங்க நெருங்க, குடும்பத்தின் காப்பீட்டு பிரீமியம் ஏறுகிறது. சாதி என்ற ஒன்றை யாரும் அந்த இயந்திரத்திடம் சொல்லவில்லை, அதுவாகவே கண்டுபிடித்துவிடுகிறது. விளக்கப் பகுதியில் லீ கொஞ்சம் அதிகமாகவே நம்பிக்கை ஊட்டுவார், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நம் இணைய நடமாட்டத்தைக் கண்காணித்து நிறுவனங்கள் காசு பார்ப்பதைச் சொல்லும் ஷோஷானா ஜூபோஃபின் ‘தி ஏஜ் ஆஃப் சர்வைலன்ஸ் கேபிடலிசம்’ நூலை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். முக்கியமான நூல்தான். ஆனால் நடை கனம், பக்கங்களும் ஏராளம். மெதுவாகப் படிப்பவர் அதில் தொடங்கினால் அதோடு நிறுத்திவிடுவார்.

தமிழில் என்றால், யுவால் நோவா ஹராரியின் ‘ஹோமோ டியஸ்’ மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. சுவாரசியமாகப் போகும், ஆனால் நான் ஒதுக்கச் சொன்ன ரகம் அதுதான், ஆகவே கடைசியில் எடுங்கள். அதற்கு முன் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. பெயரைச் சுருக்கி, ஆளுக்கொரு எண் கொடுத்து அரசு நிர்வகிக்கும் இந்தியாவை 1980களிலேயே எழுதிவிட்டார். ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.