கறுப்பு காரில் வெயில் பட்டால் சிலந்தி வலை மாதிரி கோடுகள் தெரிகின்றன. மெஷின் பாலிஷ் போட்டால் போகுமா, வீட்டிலேயே செய்யலாமா?

போகும், வீட்டிலேயே செய்யலாம். முதலில் நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் மாட்டினால் ஆழமான கீறல்; அதைத் துரத்த வேண்டாம். பெயின்ட்டின் மேலிருக்கும் நிறமற்ற படலமான கிளியர் கோட் மொத்தமே பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லியது. பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை, சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்து மட்டமாக்குகிறது. ஒருமுறை தேய்ந்தது திரும்ப வராது.

புதியவர்கள், ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினைத் தொடவே வேண்டாம். ஓரங்களில் சூடேறி பெயின்ட்டே போய்விடும். டிஏ மெஷின் (டூயல் ஆக்‌ஷன், சுழன்றுகொண்டே அதிர்வது), 5 அங்குல ஃபோம் பேட் போதும். ஷாம்பூ வாஷ், கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) முடித்து, ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். போர் தண்ணீர் காய்ந்த வெள்ளைப் புள்ளிகள் கிளேக்கு அசையாது, அதற்கான ரிமூவரால் முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தில் மட்டும் சோதனை. மென்மையான பேட், ஃபினிஷிங் பாலிஷ் நான்கு சொட்டு. வேகம் 1-இல் பரப்பி, 4 அல்லது 5-இல் நெடுக்காகவும் குறுக்காகவும் நான்கு முதல் ஆறு சுற்று. கை நிதானமாக, நொடிக்கு ஓர் அங்குலம் போல நகரட்டும். பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: அது சுற்றாமல் வெறுமனே அதிர்ந்தால் அழுத்தம் அதிகம், இல்லையேல் பேட் சாய்ந்திருக்கிறது. அப்போது கீறல் போகாது.

பிறகு ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மூன்று பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். இதைத் தவறவிட்டால் பாலிஷின் எண்ணெய் கீறலை மறைத்து ஏமாற்றும், இரண்டு வாஷில் எல்லாம் திரும்பத் தெரியும். அப்போதும் கோடு இருந்தால்தான், இன்னும் கடுமையாகத் தேய்க்கும் காம்பவுண்டுக்குப் போகவேண்டும். அது மங்கலான புகைமூட்டம் விட்டுச்செல்லும், அதன்மேல் ஃபினிஷிங் பாலிஷ் கட்டாயம்.

சென்னை வெயிலில் பானெட் சுட ஆரம்பித்தால் பாலிஷ் உடனே காய்ந்து பவுடராகும், பேட் அடைத்துக்கொள்ளும். மூடிய பார்க்கிங், அதிகாலை, கைவைத்தால் சுடாத பேனல். ஒவ்வொரு பேனலுக்கும் பேடை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். தரையில் விழுந்த பேடை நன்றாகக் கழுவாமல் மறுபடி வைக்காதீர்கள், ஒரு மணல் துகள் போதும்.

முடிந்ததும் பாதுகாப்புப் பூச்சாக வாக்ஸோ சீலண்டோ போடுங்கள். அபார்ட்மெண்டில் தினமும் ஒரே பக்கெட், ஒரே துணியால் பத்துக் கார் துடைக்கிறார்களே, இந்த வலை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு மெஷினை எடுங்கள்.