மகள் உள்துறை அமைச்சக வேலை என்கிறாள், அம்மாவுக்குப் பயம்

வணக்கம் அம்மா. பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், மத்திய உள்துறையில்தான் வேலைக்குப் போவேன் என்கிறாள். உங்களுக்கோ துப்பாக்கியும் பனிமலை எல்லையும்தான் கண்முன் வருகின்றன. பயம் நியாயமானதுதான். ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு முன், அங்கே எந்த வேலை என்று அவளிடம் கேளுங்கள். ஏனென்றால் அந்த அமைச்சகம் அவ்வளவு பெரியது.

வெள்ளைக்காரர் காலத்து உள்துறையை 1947-இல் சர்தார் படேல் ஏற்று நடத்தினார். அவர் மறைந்தபின் நம் ராஜாஜி அந்தப் பொறுப்பில் இருந்தார். நாட்டுக்கு நெருக்கடி வந்தபோதெல்லாம் அதில் ஒரு புதுக் கிளை சேர்ந்தது. 1962 சீனப் போர் நேரத்தில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை, 1965 பாகிஸ்தான் போருக்குப் பின் எல்லைப் பாதுகாப்புப் படை, 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் என்.ஐ.ஏ. என்ற தேசியப் புலனாய்வு முகமை எனப் பட்டியல் நீளும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதன் வேலைதான். வெள்ளத்தில் படகோடு வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் இதன் கீழ்தான் இருக்கிறது. அதன் ஒரு பட்டாலியன் நம் அரக்கோணத்திலேயே உள்ளது.

மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. சி.பி.ஐ. உள்துறையில் இல்லை, மத்தியப் பணியாளர் துறையின் கீழ் வருகிறது. வெளிநாட்டு உளவு வேலை பார்க்கும் ‘ரா’ அமைப்பு அமைச்சரவைச் செயலகத்தைச் சேர்ந்தது. தமிழ்நாடு காவல்துறை மாநில அரசுடையது, ஏனென்றால் அரசியலமைப்பில் காவல் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் மகள் மனதில் இருப்பது இவற்றில் ஒன்று என்றால், போகவேண்டிய பாதையே வேறு.

அவள் படிப்பைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது, குற்றம் நடந்த இடத்துத் தடயங்களை அறிவியல் முறையில் ஆராயும் தடய அறிவியல். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போகவேண்டும். மாநிலங்கள் இதைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவர 5 ஆண்டு அவகாசம் உண்டு. ஆக, ஆட்கள் தேவைப்படுவார்கள். காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமும் உள்துறையின் கீழ் இயங்குவதுதான். வேதியியல் பட்டதாரி அங்கே முதுகலை படிக்கலாம். பட்டம் முடிக்கும்வரை காத்திருக்காமல், அங்கே உள்ள முதுகலைப் படிப்புகளையும் அவற்றுக்கான தகுதியையும் இப்போதே பார்த்து வையுங்கள்.

மேசை வேலை பிடிக்குமென்றால் எஸ்.எஸ்.சி. என்ற மத்தியப் பணியாளர் தேர்வாணையம் பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வில் உதவிப் பிரிவு அலுவலர் பதவி இருக்கிறது. ஆனால் அந்தப் பதவி அடங்கிய மத்தியத் தலைமைச் செயலகப் பணியில் எந்த அமைச்சகம் கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை.

இல்லை, சீருடைதான் வேண்டும் என்று அவள் உறுதியாகச் சொன்னால் தடுக்காதீர்கள். மத்தியப் படைகளில் அதிகாரியாகச் சேர யு.பி.எஸ்.சி. நடத்தும் உதவி கமாண்டன்ட் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம், பொதுப்பிரிவுக்கு வயது 20 முதல் 25 வரை. பெண்களுக்கும் இடமுண்டு. அதில் சேரும் எல்லோரும் எல்லைக்குத்தான் போவார்கள் என்பதும் இல்லை. விமான நிலையங்களைக் காக்கும் சி.ஐ.எஸ்.எஃப். படைக்கும் அதே தேர்வுதான். பெண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 157 செ.மீ., கண்பார்வைக்கும் தனி அளவுகோல் உண்டு. புத்தகம் வாங்குவதற்கு முன் ஒரு கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், பத்தாவது முடித்த, உங்கள் மகளின் தம்பியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 18 வயதானதும் அவர் மத்தியப் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வை எழுதலாம். 2024 முதல் அதைத் தமிழிலேயே எழுத முடியும்.