மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி மட்டும் போதுமா, டாக்டரிடமும் போக வேண்டுமா?

நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். "கீழாநெல்லி கொடுத்துக்கிட்டுதான் இருக்கோம், மஞ்சள் எவ்வளவு இறங்கியிருக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டு வருபவர்களுக்கு ரத்தம் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: டாக்டரிடம் போக வேண்டும், அதுவும் முதலில்.

காமாலையில் கண்ணுக்கு மஞ்சள் நிறம் தருவது ரத்தத்தில் உள்ள பிலிருபின் என்ற பொருள். அது சாதாரணமாக ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 1 மில்லிகிராமுக்குள் இருக்கும். 2.5, 3 என்று ஏறும்போது கண் மஞ்சளாகத் தெரியும். ஏன் ஏறியது என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது. அசுத்தத் தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ் (வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி) ஏ, ஈ, ரத்தம் வழியாகத் தொற்றும் பி, சி, குடி, எலிக்காய்ச்சல், பித்தக்குழாயில் சிக்கிய கல், கணையத்தில் புற்றுநோய் என எதுவாக இருந்தாலும் கண் ஒரே மாதிரிதான் மஞ்சளாகும்.

கீழாநெல்லிக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தவை ஏ-யும் ஈ-யும்தான் என்பது என் எண்ணம். பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நாட்களில் மோரில் அரைத்துக் குடித்தது எதுவோ, பெயர் அதற்குப் போய்விடும்.

அதற்காக அந்தச் செடியை நான் கிண்டல் செய்ய மாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு 1988இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அந்தக் குழுவில் ஒருவர். பி வைரஸ் உடம்பிலேயே தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். கணக்கில் எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. மருந்தில்லாத பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. பெரிய செய்திதான். ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்த ஆய்வுகள் பலவற்றில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் "ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சாச்சு" என்று சுற்றுவதில் இந்த இரண்டாம் பாதி மட்டும் இருக்காது.

காத்திருக்கவே கூடாதவர்கள் சிலர் உண்டு. மலம் வெளுத்துக் களிமண் நிறத்தில் போகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது என்றால் பித்தக்குழாய் அடைத்திருக்கலாம். அங்கே ஸ்கேனும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோபியும்தான் வழி. பெரியவர்களுக்கு வலியே இல்லாமல் மஞ்சள் ஏறினால் "வலி இல்லையே" என்று விடாதீர்கள், புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நிலை அது. கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில், ஹெபடைடிஸ் ஈ உயிருக்கே ஆபத்தாகலாம். யாராக இருந்தாலும் சரி, தூங்கிக்கொண்டே இருக்கிறார், பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால் விடியும்வரைகூடப் பார்க்க வேண்டாம். கல்லீரல் செயலிழக்கத் தொடங்கியிருக்கலாம்.

டாக்டர் பொதுவாக எழுதித் தருவது கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் எல்.எஃப்.டி., ஹெபடைடிஸ் வைரஸ்களுக்கான டெஸ்ட்கள், வயிற்று ஸ்கேன், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பி.டி. ஐ.என்.ஆர். கடைசியில் உள்ளதை "இது எதற்கு வெட்டியாக" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கல்லீரல் எவ்வளவு தாங்குகிறது என்பதை பிலிருபினைவிட அதுதான் நன்றாகக் காட்டும்.

பத்தியம் என்று உப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தி, நோயாளியைக் கஞ்சியில் காயப்போட வேண்டியதில்லை. குமட்டல் அனுமதிக்கிற அளவுக்கு வழக்கமான வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம். சாராயம் ஆகவே ஆகாது. காமாலைக்கு நல்லது என்று ரோட்டோரக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுப்பவர்கள், அதில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று ஒரு தடவை யோசிக்கலாம். காய்ச்சல் மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், கீழாநெல்லி உட்பட.

ரிசல்ட்டில் பி பாசிட்டிவ் என்று வந்தால் வீட்டில் இருக்கும் எல்லோரும் டெஸ்ட் எடுக்க வேண்டும், தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சி என்றால் இப்போது பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், அங்கே கேட்டுப் பாருங்கள்.