மறுமொழி: வீட்டில் நன்றாக இருந்த சப்வூஃபர் காரில் மட்டும் ஏன் குமுறுகிறது?

ஹாலில் வைத்துக் கேட்டபோது கச்சிதமாக இருந்த சப்வூஃபர் (தாழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்), ஹேட்ச்பேக் காரின் பின்னால் வைத்ததும் ஒரே குமுறலாகிவிட்டது, வேறு சப்வூஃபர் வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். குறை சப்வூஃபரில் இருப்பதாகத் தெரியவில்லை.

காரின் உட்புறம் சின்ன, மூடிய இடம். ஒலியின் அரை அலைநீளம் உள்ளறையின் நீளத்தைத் தாண்டியதும், அங்கே அலை ஓட இடமில்லை. காற்றழுத்தம் மொத்தமாக ஏறி இறங்குகிறது. உள்ளறை 2.8 மீட்டர் என்றால் சுமார் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இது தொடங்கும். அதற்குக் கீழே போகப் போக, கணக்குப்படி ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் வரை ஒலி கூடும். கதவு இடுக்குகளும் அதிரும் தகடுகளும் கொஞ்சம் விழுங்கிவிடுவதால் நிஜத்தில் அதைவிடக் குறைவு. ஓடும் பாட்டில் ஒரு கண்ணாடியை இறக்கிப் பாருங்கள், அடி பேஸ் சட்டென்று வற்றும்.

துளையில்லாத மூடிய பெட்டியில் வைத்த சப்வூஃபரின் ஒலி, அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணுக்குக் கீழே ஏறக்குறைய இதே சரிவில்தான் இறங்கும். அதனால் காரோடு நன்றாகப் பொருந்தும். உங்களுடையது போர்ட் (காற்று போய்வரும் துளை) வைத்த பெட்டி. அது தூக்கித் தரும் இடமும் கார் தூக்கும் இடமும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. போர்ட்டில் ஒரு துண்டைச் சுருட்டி அடைத்து, மிதமான ஒலியில் கேளுங்கள். குமுறல் அடங்கினால் மூடிய பெட்டிக்கு மாறலாம்.

அதற்கு முன் ஆம்ப்ளிஃபயரில் பேஸைக் கூட்டும் பேஸ் பூஸ்ட்டை அணையுங்கள் (பாதி கார்களில் வில்லன் அதுதான்!). லோ பாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியைக் குறைக்கும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கட்டும். அப்புறம் ஃபேஸை (சப்வூஃபரின் அலை மற்ற ஸ்பீக்கர்களின் அலையோடு எப்படிச் சேர்கிறது என்பதை) மாற்றி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கேளுங்கள். நம்பர் பிளேட் நடுங்குகிறதா என்றும் பாருங்கள்.